மூவினமும் முற்றும்மையும்

களுவாஞ்சிக்குடியில் எந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் ‘மூவின மக்களும்’ என்ற சொற்றொடர் காதில் விழாமல் இருக்காது. பிரதேச செயலகத்து விழா, கட்சிக் கூட்டம், பாடசாலைப் பரிசளிப்பு என்று எதுவாக இருந்தாலும், கிழக்கு மாகாணம் மூவின மக்களும் வாழும் மண் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சாளர் விஷயத்துக்கு வருவார். அந்த மூன்று எவை என்று அவரும் விரிப்பதில்லை, கேட்கிறவர்களும் கேட்பதில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதே பாடசாலையில், மறுநாள் தமிழ்ப் பாடவேளையில், மூவினம் என்றால் வல்லினம், மெல்லினம், இடையினம். கலித்தொகையின் முல்லைப் பகுதியைப் படிக்கிறவருக்கோ மூவினம் என்பது பசு, எருமை, ஆடு. அங்கே வரும் ஆயர்கள் கோவினத்தார், கோட்டினத்தார், புல்லினத்தார் என்று தாங்கள் மேய்க்கும் கால்நடையால் பிரிந்து நிற்கிறார்கள். எழுத்து, மாடு, மனிதர் ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல் பொருந்தி வந்திருக்கிறது.

பழைய நிகண்டுக்காரர்கள் இத்தகைய சொற்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். திவாகரத்தின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் உள்ள பெயர்களைச் சொல்வது. பன்னிரண்டாவது, ‘பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி’. பல பொருள் சேர்ந்த கூட்டத்துக்கு ஒரே பெயராக வருபவை அதில் எண்வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தபோதும் நான்கு பாகங்களில் ஒன்றைத் தொகையகராதி என்றே வைத்தார். மூவினம் போன்ற சொல் இரண்டு தொகுதியிலும் இடம்கேட்கக் கூடியது. பலவற்றைச் சேர்த்த ஒரு பெயர் அது. அந்த ஒரு பெயருக்குள்ளும் பல கூட்டங்கள்.

‘மு’ என்று தொடங்கும் தொகைச்சொல் தனக்குள் இருப்பவற்றின் பெயரைச் சொல்வதில்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்லும். உள்ளே யார், எது என்பதைக் கேட்கிறவன் தன் ஊரிலிருந்தும் காலத்திலிருந்தும் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால்தான் பொருள் பலவாகிறது. இந்தச் சொற்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. அதற்குப் போகுமுன் சொல்லின் உடம்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மூன்று என்ற எண் புணர்ச்சியில் குறுகி ‘மு’ ஆகும், சில இடங்களில் ‘மூ’வாகவே நிற்கும்: முப்பது, முந்நூறு, மூவாயிரம். (முந்நூற்றை ‘முன்னூறு’ என்று எழுதுவது கடைப் பலகை வரை வந்துவிட்டது. அப்படி எழுதினால் அது முன்னே உள்ள நூறாகிவிடும்.) ஆனால் ‘மு’ கண்ட இடமெல்லாம் மூன்று இல்லை. முக்கியத்தில் மூன்று கிடையாது, அது வடசொல். மட்டக்களப்பின் பழைய நிலவுடைமைச் சமூகமான முக்குவரின் பெயரிலும் எண்ணைத் தேடுவது வீண். கிழக்கின் மரபு ஏடுகள் அதை ‘முற்குகர்’ என்று எழுதி இராமாயணத்துக் குகனோடு முடிச்சுப்போடும். நீரில் முங்குவது, முக்குளிப்பது என்ற வழியில் விளக்குகிறவர்களும் உண்டு. இரண்டிலும் மூன்றுக்கு வேலையில்லை.

‘முக்கால்’ வேறு வகை. நாலில் மூன்று பங்கும் முக்கால், மூன்று தடவையும் முக்கால். காகம் முக்காலும் முழுகினாலும் கொக்காகாது என்ற பழைய பேச்சில் வருவது இரண்டாவது. அதை முக்கால்வாசி முழுகியது என்று மாணவர் எழுதுவதுண்டு. காகத்தின் தலை மட்டும் நனையாமல் தப்பும்.

இந்தக் குடும்பத்தின் தலைச்சொல் ‘மும்மை’. தமிழில் அதற்கு மூன்றாக இருக்கும் தன்மை என்றும் பொருள், முற்பிறப்பு, இப்பிறப்பு, வருபிறப்பு என்றும் பொருள். பெரியபுராணத்தில் ஒரு சருக்கத்துக்கே ‘மும்மையால் உலகாண்ட சருக்கம்’ என்று பெயர். மதுரை வணிகர் மூர்த்தி நாயனார், சந்தனம் கிடைக்காமல் தடுக்கப்பட்டபோது தன் முழங்கையையே கல்லில் தேய்த்தவர். அரசன் வாரிசின்றி இறந்ததும் யானை அவரைத் தேர்ந்தெடுக்கிறது. முடிசூட்டு நீருக்குப் பதில் திருநீறு, அணிகலனுக்குப் பதில் உருத்திராக்கம், மகுடத்துக்குப் பதில் சடைமுடி போதுமென்று அவர் சொல்லிவிடுகிறார். அங்கே மும்மை இவைதான். மணிமேகலை கடைசிக் காதையில் புத்தம், தருமம், சங்கம் என்ற மும்மணியை மும்மையால் வணங்கும்போது, மனம், மொழி, மெய் என்று வேறு மூன்று அந்தச் சொல்லுக்குள் வந்து அமர்கின்றன. மும்மணி என்பதைச் சமணர் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்றார்கள். பிரபந்தம் பாடிய புலவர்களுக்கோ அது ஆசிரியப்பா, வெண்பா, கட்டளைக் கலித்துறை. அப்படிப் பிறந்ததுதான் மும்மணிக்கோவை.

உள்ளிருக்கும் மூன்று எவை என்று அறிஞர்கள் சண்டையே போட்ட சொல் ஒன்று உண்டு: முந்நீர். கடல் என்ற பொருளில் ஐயமில்லை; எந்த மூன்று என்பதில்தான் வழக்கு. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்வதால் முந்நீர் என்பது ஒரு விளக்கம். ‘முன்னீர்’ என்று பாடம் கொண்டு, நிலம் தோன்றுமுன் இருந்த நீர் என்பது இன்னொன்று. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் முதல் விளக்கத்தை ஏற்கவில்லை. ஆற்றுநீர் என்பதே மேலிருந்து விழுந்த நீர்தான், இவ்விரண்டும் இல்லையானால் ஊற்றும் இருக்காது, அப்புறம் மூன்றென்று எண்ணுவது எப்படி என்று கேட்டார். மண்ணைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்று மூன்று செய்கை உடைய நீர் என்பது அவர் முடிவு.

இந்த வழக்கை விசாரிக்கக் களுவாஞ்சிக்குடி நல்ல இடம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி; இரண்டுக்கும் நடுவில் வடக்கு தெற்காகக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம் என்பதால் அந்தப் பெயர். பட்டிருப்புப் பாலம் கடந்தால் படுவான்கரை. எழுவான்கரைக் கிணற்றில் ஊறுவது, மணலில் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீர்தான். மாரி பொய்த்த வருடத்தில் மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். ஊற்று தனி நீரல்ல என்ற வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வாவியிலோ மூன்றும் கண்ணுக்குத் தெரியக் கலக்கின்றன. வாவி கடலைத் தொடும் வாய்கள் இரண்டு. ஒன்று மட்டக்களப்பு நகருக்கு அருகே பாலமீன்மடுவில், மற்றது களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு தாண்டிப் பெரியகல்லாற்றில். கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். மாரியில் படுவான்கரைக் குளங்கள் வான்பாய, ஆறுகள் வந்து சேர, வாவி வீங்கி வயலுக்குள் ஏறும்போது, ‘முகத்துவாரத்தை வெட்டுங்கள்’ என்ற கோரிக்கை எழும். மணல்மேட்டில் ஒரு வாய்க்கால் அளவுக்கு வழி கீறிவிட்டால் போதும். மீதியை நீரே பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கரைகள் இடிந்து விழுந்து, செம்மண் நிறத்தில் வெள்ளம் கடலுக்குள் பாயும். சில நாளில் கடல்நீர் திரும்பி உள்ளே வரும், கூடவே மீனும் இறாலும். அடியார்க்குநல்லார் சொன்ன மூன்றாவது செய்கையைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இங்கே இன்னும் தேதியாகவே பேசப்படுகிறது.

முந்நீரைப் பொறுத்தவரை நான் அடியார்க்குநல்லார் பக்கம். ஆனால் அவர் தோற்கடித்த விளக்கந்தான் பாடப்புத்தகத்தில் வாழ்கிறது. மூன்று பொருளை விரல்விட்டு எண்ண முடிந்தால் மனம் அமைதியாகிவிடுகிறது. மூன்று செய்கை என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த இன்னொரு வேலை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், ஒரு விதி உண்டு. இத்தனை என்று வரையறை தெரிந்த பொருளைத் தொகையாகச் சொல்லி, முழுவதும் ஒரு வினையோடு முடியுமானால் ‘உம்’ கொடுத்தாக வேண்டும். உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களில் மூவேந்தரும் வந்தார் என்பது ஒன்று. இதற்கு முற்றும்மை என்று பெயர். மூவேந்தரும் என்று சொன்ன கணத்தில், வேந்தர் மூவர்தான், நாலாமவன் இல்லை என்ற முடிவு சொல்லாமலே ஏறிவிடுகிறது. வேளிரும் குறுநில மன்னரும் எத்தனை போர் வென்றிருந்தாலும் அந்த ‘உம்’முக்கு வெளியே.

தொகைச்சொல் எண்ணுவதோடு நிற்பதில்லை, கதவையும் அடைக்கிறது. முப்பால் என்று குறளுக்குப் பெயர் வழங்கியதும், அறம், பொருள், இன்பத்தோடு வரவேண்டிய வீடு எங்கே என்ற கேள்வி எழுந்தது. வீடு சொல்லுக்கு எட்டாதது, துறவறத்தின் வழியே உணர்த்தப்பட்டுவிட்டது என்று பரிமேலழகர் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. சங்கீத மும்மூர்த்திகள் என்று தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் அடைத்துவிட்டபோது, வெளியே நின்ற தமிழிசைக்காரர்கள் நாலாவது நாற்காலி கேட்கவில்லை. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் என்று தங்களுக்கு இன்னொரு மூவரை அமைத்துக்கொண்டார்கள். மூன்றை உடைப்பதைவிட எதிரே ஒரு மூன்றை நிறுத்துவது எளிது போலும்.

எல்லா மூன்றுக்கும் இந்த மரியாதை கிடைப்பதுமில்லை. களுவாஞ்சிக்குடிக்கு அடுத்த களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் இல்லாமல் இந்தக் கரையில் நல்லது கெட்டது எதுவும் நடக்காது. ஆனாலும் அவற்றுக்கு முக்கனி போல ஒரு ‘மு’ வாய்க்கவில்லை. தட்டில் எப்போதும் நாலாவது ஒன்று சேர இடமிருப்பதாலோ என்னவோ.

முத்தமிழ் அடைத்த கதவு சில சமயம் ஊக்கமாகவும் வேலை செய்திருக்கிறது. பரிபாடல் திரட்டிலேயே ‘தமிழ் மும்மை’ என்ற ஆட்சி உண்டு. நல்வழியின் காப்புச் செய்யுளில் ஔவை பால், தேன், பாகு, பருப்பு என்று நாலு பொருள் கொடுத்துச் சங்கத்தமிழ் மூன்றைக் கேட்கிறாள். களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, கல்முனையைத் தாண்டிய காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், இந்தத் தொகைச்சொல்லை ஒரு வேலைத்திட்டமாகவே எடுத்துக்கொண்டவர். இயலில் அவருக்குக் குறையில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். நாடகத்துக்கு, சேக்சுபியரை எடுத்துக்கொண்டு 1926இல் மதங்க சூளாமணி வந்தது. இசைக்கு யாழ்நூல், 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் மறைந்தார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தமிழ் முழுமை பெறாது என்ற எண்ணம்தான், அழிந்துபோன ஒரு கருவியின் நரம்புக் கணக்கைத் தேடி ஒருவரை அத்தனை வருடம் உட்கார வைத்தது.

‘மும்மொழி’ பாக்கு நீரிணையைக் கடக்கும்போது நடப்பது வேறு. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் இறுகும். 1968 சனவரி 23 அன்று அண்ணா அரசு சட்டமன்றத்தில் மும்மொழித் திட்டத்தை நிராகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது, இருமொழிதான் கொள்கை. அங்கே மும்மொழியில் மூன்றாவது இந்தி, அதற்கு எதிரான போராட்டத்தின் நினைவு சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் 1956 தனிச் சிங்களச் சட்டத்தின் நினைவு உள்ளவருக்கு மும்மொழி என்பது ஒரு நிவாரணம். தமிழும் ஓர் இடம் பெறுகிற ஏற்பாடு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 2012 மும்மொழி ஆண்டாக அறிவிக்கப்பட்டது. அப்துல் கலாம் வந்து அந்தப் பத்தாண்டுத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். இந்தித் திணிப்பை எதிர்க்கும் சென்னை நண்பர், மட்டக்களப்பில் ஒருவர் ‘இங்கே மும்மொழி ஒழுங்காக நடைமுறையில் இல்லை’ என்று குறைப்படுவதைக் கேட்டால் திகைத்துப்போவார். இருவரும் கேட்பது ஒன்றுதான், தமிழுக்கு உரிய இடம். சொல் மட்டும் எதிரெதிராக நிற்கிறது.

இப்போது மூவினத்துக்கு வரலாம். எழுத்தில் அது உண்மையாகவே முற்றும்மை. தமிழ் மெய் பதினெட்டு, இனத்துக்கு ஆறு, மூன்று இனம். பத்தொன்பதாவது மெய் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. கால்நடையில் ஓரளவு சரி. ஆளும் கட்டும் இடமும் வேறு, மேய்ச்சலும் வேறு என்று பிரிந்த ஆயர் வாழ்வுக்கு அந்த மூன்று போதும். படுவான்கரையில் இன்றும் ‘பட்டி’ என்றால் மாட்டுக் கூட்டம். எருமைத் தயிர்ச் சட்டிகள் பாலம் கடந்து இந்தப் பக்கம் வருகின்றன. மனிதரைப் பற்றிச் சொல்லும்போதுதான் ‘உம்’ தடுமாறுகிறது.

இரண்டு மூவினமும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டதும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் வெளியிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள் பயிர்செய்யத் தொடங்கியதை எதிர்த்து, தமிழ்ப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். புல்லுக்காகத் தொடங்கிய வழக்கு, செய்தித்தாளில் இனங்களின் வழக்காகவே அச்சானது.

எண்ணுகிறவர் யார் என்பதைப் பொறுத்து மூன்று இரண்டாகும். 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று எண்ணியது. பட்டிருப்புத் தொகுதியின் பிரதிநிதியாக இருந்த சி. மூ. இராசமாணிக்கம் அந்தக் கட்சியின் தலைவர் பதவி வரை போனவர். அந்தக் கணக்கில் களுவாஞ்சிக்குடித் தமிழரும் மருதமுனை முஸ்லிமும் ஒரே தொகை. கிழக்கில் இருப்பது இரண்டு. கிழக்கின் முஸ்லிம் அரசியல் தனக்கென்று எழுந்து நின்றபோது அந்த இரண்டு மூன்றாயிற்று. மேடையில் எந்தச் சொல் வருகிறது என்று கவனித்தால் பேச்சாளரின் கட்சியைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

குடும்பக் கணக்கு இன்னும் வேறு. இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு. பிள்ளைக்குத் தாயின் குடி, ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது, சீதனமாக வீடு மகளுக்கு. 1969 முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தன் பெரிய நூலில் இரு சமூகத்தின் குடிமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். மூவினம் என்ற எண்ணிக்கை பிரித்து வைக்கும் இருவரை, கல்யாணப் பேச்சின் இலக்கணம் ஒரே மாதிரி நடத்துகிறது.

2012 கணக்கெடுப்பில் கிழக்கு மாகாண மக்களில் தமிழர் ஏறத்தாழ 40 விழுக்காடு, முஸ்லிம்கள் 37, சிங்களவர் 23. கூட்டினால் நூறை ஒட்டி வந்துவிடுகிறது. ஆகவே முற்றும்மை நியாயம்தானே என்று தோன்றும். தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்பவர்களில் மட்டக்களப்புப் பறங்கியர் உண்டு. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628இல், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். போர்த்துக்கேயம் மட்டும் வீட்டுமொழியாகத் தங்கி, உருமாறி, நானூறு வருடத்தை நெருங்குகிறது. தச்சுவேலையும் இரும்புவேலையும் அவர்கள் கைத்தொழில். வெளியில் பேசுவது மட்டக்களப்புத் தமிழ். வாகரைப் பக்கத்துக் கடலோர வேடரும் தமிழ்தான் பேசுகிறார்கள்; தமிழரா என்று கேட்டால் வேடர் என்று சொல்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

தொல்காப்பியர் இடையியலில் முற்றும்மைக்கு ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்: அது சில இடத்தில் எச்சப்பொருள் தரும். உரைகாரர் உதாரணம், பத்தும் கொடான் என்பது போன்றது. பத்தையும் கொடுக்கமாட்டான் என்றால் சிலதைக் கொடுப்பான் என்று ஆகிறது. எதிர்மறை வந்தால்தான் இந்த நெகிழ்வு. ‘மூவின மக்களும் வந்தார்கள்’ என்றால் எல்லோரும் வந்துவிட்டார்கள். ‘மூவின மக்களும் வரவில்லை’ என்றால்தான் யாரோ சிலர் வந்திருக்கக்கூடும். நமது மேடைகளில் இரண்டாவது வாக்கியம் உச்சரிக்கப்படுவதில்லை.

கணக்கெடுப்புத் திணைக்களம் மேடைப் பேச்சை நம்பி இருப்பதில்லை. 2012 அட்டவணையில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர் என்று நிரல்கள் நீள்கின்றன. மூவினத்துக்குள் தமிழராக அடங்கிப்போகும் மலையகத்தார் அங்கே ‘இந்தியத் தமிழர்’ என்று தனி நிரல். வாகரை வேடருக்கு அதிலும் பெயர் இல்லை. கடைசி நிரலான ‘ஏனையோர்’ என்பதில் அவர்களைத் தேட வேண்டும்.